செவிக்குத் தீட்டு உண்டோ?

நாடகம் கண்ணுக்குரிய கலை என்பது நம்மவர் நெடுங்காலமாகக் கொண்டுள்ள எண்ணம். ‘நாடகம் பார்க்கப் போகிறேன்’ என்று சொல்லுகிறவர்களே எங்கும் உளர். ‘நாடகம் கேட்கப் போகிறேன்’ என்று சொல்லுவார் அரியர். அரசன் வந்தால் அவன் முடியைப் பார்க்கிறோம். முனிவன் வந்தால் அவன் சடையைப் பார்க்கிறோம். பண்ணையாள் வந்தால் அவன் இடுப்பில் சுற்றிய கந்தையைப் பார்க்கிறோம். வேடத்தைக் கண்ட மாத்திரத்திலேயே, இவன் இன்னான், இவனுக்கு இவ்வளவுதான் மரியாதை என்று நம் மனம் தீர்ப்பெழுதி முடித்துவிடுகிறது. அவன் வாய் திறந்து பேசுவது அதற்குப் பிறகுதான்.

இந்தப் பழக்கத்தை ஒரே இரவில் கலைத்துப்போடும் ஆற்றல் வானொலிக்கு உண்டு. அங்கே முடியும் இல்லை, சடையும் இல்லை, கந்தையும் இல்லை. குரல் ஒன்றே உண்டு. குரலை மட்டும் கொண்டு ஒருவனை எடைபோட வேண்டிய நிலைக்கு நாம் வந்துவிடுகிறோம். இஃது எவ்வளவு பெரிய மாறுதல் என்பதை அண்மையில் செனாயில் ஒரு நண்பர் வீட்டில் கழித்த ஒரு மாலைப் பொழுது நமக்கு உணர்த்திற்று. அதைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

செனாய் ஜொகூர் மாநிலத்தில் கூலாய்க்கும் ஸ்கூடாய்க்கும் இடையே அமைந்த ஊர். 1974 முதல் விமான நிலையமும் உடையது. ஒரு காலத்தில் இதன் சுற்றுப்புறமெல்லாம் இரப்பர்க் காடு, பின்னர்ச் செம்பனை, இப்பொழுது தொழிற்சாலைகளும் வரிசை வீடுகளும். நம் நண்பரின் பெற்றோர் தோட்டத்தில் உழைத்தவர்கள். நண்பர் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். தோட்டத்து லயத்திலிருந்து வரும்பொழுது கொண்டுவந்த பழைய வானொலிப் பெட்டி அவர் வீட்டு அலமாரியில் காட்சிப் பொருளாக இருக்கிறது. நாடகம் வந்ததோ கைபேசி வழியாக, ஒரு சிறிய ஒலிபெருக்கியில். கடல் கடந்த நிலையங்களும் இவ்வாறு செனாய்க்கு வந்து சேருகின்ற காலம் இது. அன்று நாம் கேட்டது எந்த நிலையம் என்று பெயர் குறிப்பது நம் கருத்தன்று. நாம் ஆராய வந்தது கலையையே.

மாலை ஏழு மணிக்குத் தொடங்கிய நிகழ்ச்சியில் இரண்டு பழைய நாடகங்கள். முதலாவது, பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’, உரைநடை நாடகம். இரண்டாவது, கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘நந்தனார் சரித்திரம்’. இசை நாடகமாக நடிப்பதற்கென்று அமைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். தமிழ் நாடகத்தின் இரு கால்களும் ஒரே மாலையில் நடந்து வந்தன என்று சொல்லலாம்.

வானொலியும் நாடகமும் நம்மவர்க்குப் புதிய உறவல்ல. சென்னையில் அகில இந்திய வானொலி 1938 ஜூன் 16ஆம் நாள் தொடங்கிற்று. யுத்தம் முடிந்து, 1946 ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி தொடங்கிற்று. தமிழும் அதில் இடம்பெற்றது. 1948இல் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அவசர காலத்தில், மக்களைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள அரசாங்கமே பொது இடங்களில் வானொலிப் பெட்டிகளை வைத்ததும் உண்டு. பெட்டியை வைத்தவர்களின் நோக்கம் எதுவாயினும், அதைச் சுற்றி உட்கார்ந்தவர்களின் நோக்கம் பாட்டும் நாடகமுமே. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் இலக்கியம் செவிவழி வந்தது. படித்தவன் வீட்டுப் புத்தக அலமாரிக்கும் படியாதவன் லயத்துத் திண்ணைக்கும் இடையே இருந்த தூரத்தை அந்தப் பெட்டி ஓரளவேனும் குறைத்தது.

நிற்க. முதலில் ‘மனோகரா’வைக் கவனிப்போம்.

பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தவர். நடிப்பு இழிதொழில் என்று எண்ணியிருந்த காலத்தில் வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் மேடையேற்றியவர். பாட்டுக்கே முதலிடம் இருந்த மேடையில், மனிதர் பேசுவதுபோன்ற உரைநடைக்கு இடம் தேடிக் கொடுத்தவர். ‘மனோகரா’வின் கதை யாவரும் அறிந்ததே. அரசன் புருஷோத்தமன் வசந்தசேனையின் வலையில் வீழ்ந்து பட்டத்தரசி பத்மாவதியைப் புறக்கணிக்கிறான். மகன் மனோகரன் வீரன். தாயின் அவமானத்தைக் கண்டு கொதிக்கிறான். ஆயினும் தாய்க்குக் கொடுத்த வாக்கு அவன் கையைக் கட்டியிருக்கிறது. சபை நடுவே அவன் உடம்பைப் பிணித்த சங்கிலியைவிட அந்த வாக்கே கனமானது. இந்த இரண்டு கட்டுகளுக்கும் இடையே அவன் படும் பாடுதான் நாடகம்.

அன்று மனோகரனாகப் பேசிய இளைஞருக்கு நல்ல குரல், உச்சரிப்பும் பழுதில்லை. ஆனால் அவர் மனோகரனாகப் பேசவில்லை. 1954இல் வந்த திரைப்படத்தில் சிவாஜி கணேசன் பேசியதுபோலப் பேசினார். அந்தத் திரைப்படத்தின் வசனம் மு. கருணாநிதி எழுதியது, அதன் அடுக்கும் வேகமும் வேறு. பம்மலாரின் வசனம் வேறு. பம்மலாரின் சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றைத் திரைப்படத்தின் மூச்சில் ஊதினால், ஒருவர் சட்டையை மற்றொருவர் மாட்டியதுபோலத் தோளிலே பிடிக்கும், கையிலே தொங்கும். அதுவே நேர்ந்தது. மென்மையாகப் பேசவேண்டிய இடத்திலும் இடி. இடிக்கவேண்டிய இடம் வந்தபொழுது குரலில் மிச்சம் ஒன்றுமில்லை. சங்கிலி ஓசை வேறு நம்மைச் சோதித்தது. மதயானையைக் கட்டுதற்குரிய சங்கிலி என்று நாம் நம்பவேண்டிய பொருள், யாரோ சாவிக் கொத்தைத் தேடுவதுபோலக் கிலுகிலுத்தது.

பத்மாவதியாகப் பேசிய அம்மையாரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். அவர் அழவில்லை, கத்தவுமில்லை. மகனிடம் வாக்கை நினைவூட்டுகின்ற இடத்தில் ஒரு கணம் பேசாமல் இருந்தார். மேடையில் அந்த மௌனத்தை நடையும் பார்வையும் நிரப்பிவிடும். வானொலியில் நிரப்ப ஒன்றுமில்லாமையால், அந்த மௌனம் அப்படியே நம் அறைக்குள் வந்து நின்றது. மேலே விமானம் ஒன்று இறங்குகின்ற ஒலிகூட அப்போது எங்களுக்குத் தொந்தரவாகப் படவில்லை.

வானொலி நாடகத்தின் இலக்கணம் இதுவே என்பது நம் கருத்து. இங்கிலாந்தில் 1924இல் வானொலிக்கென்றே முதன்முதல் ஒரு நாடகம் எழுதிய ரிச்சர்டு ஹியூஸ் என்பவர், தம் கதையை எங்கே அமைத்தார் தெரியுமா? நிலக்கரிச் சுரங்கத்துக்குள்! விளக்கு அணைந்துவிடுகிறது, உள்ளே அகப்பட்டவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை, கேட்கின்றவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. இருவரும் ஒரே இருட்டில் இருக்கிறார்கள். கண் இல்லாத குறையை அவர் மறைக்க முயலவில்லை. அதையே கதைக்கு உயிராக்கினார். நம்முடைய நிலையத்தாரோ கண்ணுக்குரிய மேடையை ஓசைகளால் கட்டிக் காட்ட முயலுகிறார்கள். சாவிக் கொத்தும் தகரத் தட்டும் ஒருபொழுதும் அரண்மனை ஆகா.

இனி ‘நந்தனார்’. எங்களை உறங்கவிடாமற் செய்தது இதுவே.

சிதம்பரம் போக விரும்பிய ஒரு பண்ணையாளின் கதை தமிழர்க்குப் பழையது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் திருநாளைப்போவார் என்ற பெயரால் இவரைப் பாடியிருக்கிறார். ஆதனூரில் வாழ்ந்தவர், திருப்புன்கூரில் இவர் காணும்படி நந்தி விலகிற்று, தில்லையில் தீ மூழ்கி எழுந்து ஆடவல்லானை அடைந்தார் என்பது புராணம். அந்தப் புராணத்தில் ஆண்டை இல்லை. நந்தனுக்கு உத்தரவு கொடுக்கவோ மறுக்கவோ ஒருவரும் இல்லை. தன் பிறப்பை எண்ணித் தானே தயங்கித் தயங்கி, ‘நாளைப் போவேன், நாளைப் போவேன்’ என்று நாளைக் கழிக்கிறான்.

இந்தக் கதையில் ஆண்டையைக் கொண்டுவந்து நிறுத்தியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். 1896இல் மறைந்த இவர் பிறப்பால் பிராமணர். வாழ்ந்தது தஞ்சை வளநாட்டில். நாற்பது வேலி நிலமுடைய வேதியர் ஒருவரைப் படைத்து, நந்தனை அவருக்குப் பண்ணையாளாக்கினார். இனி நந்தன் தயங்குவது தன் மனத்தினால் மட்டுமன்று. போக உத்தரவு வேண்டும். ‘பறையனுக்குச் சிதம்பரம் எதற்கு?’ என்கிற ஏச்சைத் தாங்க வேண்டும். தன் கூட்டத்துப் பெரியவர்களே, ‘நமக்கு வீரனும் கருப்பனும் இருக்க, உனக்கு ஏனப்பா இந்த வம்பு?’ என்று தடுப்பதையும் தாங்க வேண்டும். கடைசியில் வேதியர் ஒரு நிபந்தனை விதிக்கிறார்: நாற்பது வேலியையும் அறுத்து முடித்துவிட்டுப் போ!

இதனை எழுதிய காலத்தை எண்ணிப் பாருங்கள். அடிமைமுறைக்கு இருந்த சட்டத்தின் ஆதரவு 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தால் நீங்கிற்று. சட்டம் அவிழ்த்துவிட்ட கயிற்றைக் கடன் என்னும் பெயரால் மீண்டும் கட்டிக்கொண்டார்கள் மிராசுதார்கள். அந்தச் சோழநாட்டில் இருந்துகொண்டு, மிராசுதார் வீட்டுச் சோற்றை உண்ணுகிற கதாகாலட்சேபக்காரர் ஒருவர், பிராமண மிராசுதாரின் கொடுமையை அவர்கள் முன்னிலையிலேயே பாடினார் என்றால், அந்தத் துணிவு சாமானியமன்று. நாகப்பட்டினத்துச் செல்வர் ஒருவரின் ஆதரவில் இந்தக் கதை அந்த நகரில் பாடப்பெற்றது. காரைக்காலிலிருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் உதவியால் 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது.

நாகப்பட்டினம்! அந்தப் பெயரை நம் வாசகர்கள் சற்று நின்று படிக்கவேண்டும். மலாயாவுக்கு ஆள் ஏற்றிச் சென்ற கப்பல்கள் புறப்பட்ட துறைமுகம் அதுவே. நந்தன் உத்தரவு கேட்டு நிற்கின்ற பாட்டு எந்த ஊரில் ஒலித்ததோ, அதே ஊர்க் கரையிலிருந்துதான், உத்தரவு கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பண்ணையாட்கள் பலர் கடலேறினார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது. கங்காணி முறையில் ஆள் பிடிப்பதை இந்திய அரசாங்கம் 1938இல் தடுத்தது. அதற்குள் பல இலட்சம் பேர் வந்துவிட்டார்கள். ஆண்டையை அக்கரையில் விட்டுவிட்டு வந்ததாக எண்ணினார்கள். இக்கரையில் துரையும் கிராணியும் தண்டலும் காத்திருந்தார்கள். ஆகவே, நந்தனார் சரித்திரம் தோட்டத் தமிழனுக்கு ஒரு பக்திக் கதை மட்டுமன்று. அவன் பாட்டனின் கதை.

அன்று இரவு வானொலியில் நந்தனாகப் பாடியவர் பெருமைக்குரியவர். இராகத்தை இழுத்துத் தம் வித்துவத்தைக் காட்டவில்லை. சொல் தெளிவாக விழும்படி பாடினார். ஆர்மோனியம் மட்டும் சற்று அதிகாரம் செலுத்திற்று. வேதியராகப் பேசியவர் இன்னும் சிறந்தவர். பொதுவாக இந்த வேடத்தை ஏற்பவர்கள் உறுமுவார்கள். இவர் உறுமவில்லை, கணக்குப் பார்க்கிறவனைப்போல மெதுவாகப் பேசினார். அடிப்பதற்குக் கையை ஓங்காதவனிடத்திலே இருக்கின்ற அச்சம் தனி. ஓரத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த நண்பரின் தாயார், எண்பதைத் தாண்டியவர், “கிராணி மாதிரியே பேசுறான் பாரு” என்றார். இதைவிடச் சிறந்த விமரிசனத்தை நாம் எழுத முடியாது.

அவ்வளவில் வந்தது விபத்து. வேதியர் ஏசி முடித்ததும் பாட்டு நின்றது. அறிவிப்பாளர் வந்தார். இறைவன் திருவருளால் தடைகளெல்லாம் நீங்கின என்றும், நந்தனார் தில்லைக்குப் புறப்பட்டார் என்றும் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த பாட்டில் நந்தன் சிதம்பரத்து எல்லையில் நிற்கிறான்!

அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏன்டா, நாப்பது வேலி அறுப்பு எங்கடா? அதக் காணோமே” என்று மகனைக் கேட்டார்.

“அத விட்டுட்டாங்கம்மா. நேரமில்ல போல.”

“அறுப்ப முடிக்காம அவன எப்படிடா விட்டான்?”

இந்தக் கேள்விக்கு எங்களில் ஒருவரும் விடை சொல்லவில்லை. நிலையத்தாரே விடை சொல்லவேண்டும். உத்தரவு என்பது வேலை முடியாமல் கிடைக்காது என்று எண்பது வயதுக் கிழவிக்குத் தெரிகிறது. நாடகத்தைச் சுருக்கிய பண்டிதருக்குத் தெரியவில்லை.

நாடகம் முடிந்தபின் அம்மையார் தம் கதையைச் சொன்னார். வாலிபத்தில், வேறொரு தோட்டத்தில் இருந்த தம் தாய்க்கு உடல்நிலை மோசம் என்று ஆள் வந்து சொல்லியிருக்கிறது. விடியற்காலைப் பிரட்டுக் களத்தில் நின்று லீவு கேட்டிருக்கிறார். அன்றைய மரத்தை வெட்டி, பாலை நிறுத்துவிட்டுப் போகலாம் என்பது பதில். வெட்டினார், வாளி சுமந்தார், நிறுத்தார், பஸ் பிடித்துப் போனார். போய்ச் சேர்ந்தபொழுது தாயை எடுத்துக்கொண்டுபோய்விட்டிருந்தார்கள். இதை அவர் கண்ணீர் விட்டுச் சொல்லவில்லை. நேற்று நடந்த ஒன்றைச் சொல்லுவதுபோலச் சொன்னார். “நந்தனுக்காவது சாமி வந்து அறுத்துக் குடுத்துச்சு” என்று முடித்தார்.

ஆம், பாரதியார் கதையில் சிவபெருமானின் பூதகணங்கள் இரவோடு இரவாக நாற்பது வேலியையும் அறுத்துக் குவிக்கின்றன. பகுத்தறிவுடையோர் இதனைக் கேட்டு நகைக்கலாம். நாமும் பூதங்களை நம்புகிறவர்கள் அல்லோம். ஆயினும் அந்தக் காட்சியின் உட்பொருளை நோக்குங்கள். ஒரு மனிதனால் முடிக்கவே முடியாத வேலையை நிபந்தனையாக வைத்தார்கள் என்பதற்கு அதனினும் பெரிய சாட்சி எது? மனிதனால் ஆகாது என்று கண்டே பாரதியார் பூதங்களை அழைத்தார். பூதங்கள் வந்தது அற்புதம் என்றால், அந்த அற்புதம் தேவைப்படும்படி வைத்தது அநியாயம். அறுப்பை வெட்டிவிட்டால் அற்புதமும் போயிற்று, அநியாயமும் போயிற்று. மிஞ்சுவது வழவழவென்ற பக்தி ஒன்றே.

அந்தக் காலத்துப் பண்டிதர்களும் இந்த நூலிடம் குறை கண்டனர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப் பாயிரம் கொடுக்கத் தயங்கினார் என்று அவர் மாணாக்கர் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். இலக்கணப் பிழைகள் உண்டு; பெரிய புராணத்துக்கு மாறாகவும் உண்டு. பின்பு ஒருநாள் திண்ணையில் காத்திருந்த பாரதியார் தமக்குத் தாமே பாடியதைக் கேட்டு உருகி, பிள்ளையவர்கள் பாயிரம் கொடுத்தாராம். ஏட்டில் பார்த்தவருக்குப் பிழை தெரிந்தது. காதால் கேட்டவருக்கு நந்தன் தெரிந்தான். மேலும் இந்நூல் பிறந்ததே காதுக்காகத்தான். ஒரே மனிதர் நின்றுகொண்டு ஆண்டையாகவும் அடிமையாகவும் மாறி மாறிப் பாடுகின்ற கதாகாலட்சேபம் அது. வேடமும் திரையும் பின்னால் வந்தவை. 1935இல் கே. பி. சுந்தராம்பாள் என்ற பெண்மணி திரையில் நந்தனாக வந்தார், 1942இல் எம். எம். தண்டபாணி தேசிகர் வந்தார். பெண் பாடினால் என்ன, ஆண் பாடினால் என்ன? நந்தன் குரலில் இருக்கிறான். ஆகையால் வானொலி அவனுக்கு அயல்வீடு அன்று, தாய்வீடு.

இனி முடிவுக் காட்சி. தில்லைவாழ் அந்தணர் தீ வளர்க்கின்றனர்; நந்தன் உள்ளே புகுகிறான். பழைய உருவம் நீங்கி, பூணூல் மார்பும் சடைமுடியுமாக முனிவர் வடிவத்தோடு எழுகிறான். மேடையிலும் திரையிலும் இந்த இடத்தில் வெளிச்சம் மாறும், வேடம் மாறும். பார்க்கிறவர்கள் கை கூப்புவார்கள். கந்தை போய்ப் பூணூல் வந்தது கண்ணுக்குத் தெரிகிறதல்லவா?

வானொலியில் நிகழ்ந்தது என்ன? தாள் கசக்குகின்ற ஓசையில் தீ எரிந்தது, மேளம் முழங்கிற்று. பிறகு நந்தன் பாடினான். அதே குரல்! சேரியில் நின்று ஏங்கிய குரல், ஆண்டையின் முன்னே பணிந்து நின்ற குரல், எல்லையில் நின்று கரைந்த குரல் எதுவோ, அதே குரல் நெருப்பிலிருந்தும் வந்தது. அதில் ஓர் அணுவும் மாறவில்லை. மாறுவதற்கு அதில் அழுக்கு ஒன்றும் இருக்கவுமில்லை. தீக்கு முன்னும் பின்னும் குரல் ஒன்றாயின், தீ எதைச் சுட்டது? பார்த்தவர்களின் கண்ணிலிருந்த அழுக்கைச் சுடவேண்டிய நெருப்பில், பாவம், நந்தனை இறக்கிவிட்டார்கள்!

நாம் எத்தனையோ மேடைகளில் இக்கதையைக் கண்டிருக்கிறோம். இந்த எண்ணம் அப்போதெல்லாம் தோன்றவில்லை. பூணூலைக் கண்டதும் நம் கண்ணும் ஏமாந்துதான் போயிருந்தது. செவிதான் நம்மைத் தெளிவித்தது. செவிக்குத் தீட்டு இல்லை. தீட்டில்லாத இடத்தில் தீக்குளிப்புக்கும் வேலை இல்லை.

நந்தன் அடிமையே அல்லன், அரசன் என்று எழுதினார் அயோத்திதாச பண்டிதர். அவர் 1914இல் மறைந்தார். அந்த ஆராய்ச்சிக்குள் இங்கே நாம் புகவில்லை. தீயில் இறங்கிய கதையை ஒடுக்கப்பட்டோரிற் பலர் மனமொப்பி ஏற்றதில்லை என்பதற்கு அஃதொரு சான்று. மற்றொரு சான்று வரலாற்றில் உண்டு. 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள், அ. வைத்தியநாதய்யர் முன்னின்று அழைக்க, கக்கன் முதலியோர் நுழைந்தனர். அவர்களில் எவரும் தீக்குளித்துப் போகவில்லை; நடந்தே போனார்கள். கோயில் இடிந்து விழவில்லை.

இப்பொழுது நம் குற்றச்சாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கோபாலகிருஷ்ண பாரதியார் புதிதாகச் சேர்த்தது ஆண்டையையும் அறுப்பையும். பழைய புராணத்திலிருந்து அப்படியே ஏற்றுக்கொண்டது தீயை. நிலையத்தார் புதியதை வெட்டிவிட்டுப் பழையதை வைத்துக்கொண்டார்கள். கவிஞன் துணிந்த இடத்தில் இவர்கள் கத்தரிக்கோலை வைத்தார்கள். கவிஞன் பணிந்த இடத்தில் மேளத்தை முழக்கினார்கள்.

ஒரு மணி நேரத்தில் அவ்வளவுதான் முடியும் என்று சிலர் சமாதானம் கூறலாம். அந்த ஒரு மணியில் அறிவிப்பாளரின் முகமன்களுக்கும் விளம்பரங்களுக்கும் சென்ற நிமிடங்களை எண்ணினால் அறுப்புக்கு இடம் கிடைத்திருக்கும். ஒரு மணி போதாதென்றால் இரண்டு மணி கொடுக்கட்டுமே! நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிட்டன் இசை நாடக அரங்கம் 1931 முதல் இசை நாடகங்களைத் தொடக்கம் முதல் முடிவுவரை வானொலிக்கு வழங்கி வருகிறது. மொழி தெரியாதவர்களும் மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கிறார்கள். தம் பாட்டனின் கதையைத் தம் மொழியிலேயே கேட்க நம்மவர்க்குப் பொறுமை இராதென்று நிலையத்தார் எதைக்கொண்டு முடிவு செய்தனர்?

வேறு சிலர், பக்தியே இந்நூலின் சாரம், ஆண்டை வெறும் சந்தர்ப்பம் என்பர். அவர்களுக்கு நாம் ‘மனோகரா’வை நினைவூட்டுகிறோம். அன்று மாலை கேட்ட இரண்டு நாடகங்களிலும் கட்டுண்ட ஒருவன் நிற்கிறான். அரசகுமாரனைக் கட்டியது தாயின் வாக்கு; அவன் சங்கிலியை அறுக்கும் காட்சியை வெட்ட எந்த நிலையத்தாருக்கும் துணிவு வராது. வெட்டினால் நாடகம் செத்தது என்று எல்லோரும் சொல்லுவார்கள். பண்ணையாளைக் கட்டியது நாற்பது வேலி; அந்தக் கட்டு அறுபடும் காட்சியை மட்டும் வெட்டினால் ஒன்றுமில்லையாம்! இளவரசனின் சங்கிலி நாடகம். பண்ணையாளின் சங்கிலி வெறும் சந்தர்ப்பம். இந்த ஓரவஞ்சனையைக் கலை என்று நாம் ஒப்பமாட்டோம்.

நிலையத்தாரிடம் நாம் வேண்டுவன சிலவே. நந்தனார் சரித்திரத்தை முழுமையாகத் தாருங்கள். அந்த வேதியரின் மெல்லிய குரலையும், நந்தனின் மாறாத குரலையும் மீண்டும் எங்களுக்குத் தாருங்கள். தாள் கசக்குவதை விட்டுவிடுங்கள். எங்களுக்கு நெருப்பின் ஓசை வேண்டியதில்லை. மனோகரனாக வருகின்ற இளைஞர் அடுத்த முறை தம் சொந்தக் குரலோடு வரட்டும்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம் வாசகர்களிடமும் ஒன்று வேண்டுகிறோம். உங்கள் வீடுகளில் பிரட்டுக் களத்தில் உத்தரவு கேட்டு நின்ற முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இத்தகைய நாடகம் வானொலியில் வருகின்ற மாலையில் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் என்ன வெட்டப்பட்டது என்பதை நமக்கு முன்னே அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் சொல்லுவதைக் கேட்டு எழுதி நிலையத்துக்கு அனுப்புங்கள்.

செனாய் அம்மையாரின் கேள்வியை நாம் அவ்வாறே எழுதி அனுப்பிவிட்டோம். அறுப்பை முடிக்காமல் அவனை எப்படி விட்டான்? விடை வந்தால் வாசகர்களுக்கு அறிவிப்போம்.